பின்வாசல் மூடிய ஆண்டு: 2020 கேலிக் கால்பந்து சாம்பியன்ஷிப் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2020 நவம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலைக்குள் அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போகும் நான்கு அணிகளும் முடிவாகிவிட்டன: டப்ளின், மேயோ, டிப்பரரி, கேவன். இந்த நான்கு பெயரைப் பார்த்ததும் பழைய ஏடுகளைப் புரட்டியவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். சரியாக நூறு ஆண்டுக்கு முன்னால், 1920 சாம்பியன்ஷிப்பிலும் அரையிறுதிக்கு வந்தவை இதே நான்கு அணிகள்தான். அதுவும் போதாதென்று ஜோடியும் அதேதான். டப்ளினுக்கு எதிரே கேவன், டிப்பரரிக்கு எதிரே மேயோ. 1920 சாதாரண ஆண்டு அல்ல. அந்த ஆண்டு நவம்பர் 21 அன்றுதான் டப்ளினும் டிப்பரரியும் ஆடிக்கொண்டிருந்த குரோக் பார்க் மைதானத்துக்குள் பிரிட்டிஷ் படையினர் புகுந்து சுட்டு 14 பேரைக் கொன்றார்கள்.

இதை எழுதியவர்கள் எல்லோரும் ‘விதி’, ‘ஆவி’, ‘வரலாறு திரும்பியது’ என்றே எழுதினார்கள். எழுதட்டும், அழகான கதைதான். ஆனால் எனக்கு இன்னொரு கேள்வி முக்கியமாகப் படுகிறது. 85 ஆண்டாக ஜெயிக்காத டிப்பரரியும் 23 ஆண்டாக ஜெயிக்காத கேவனும் ஒரே நாளில் மாகாணப் பட்டம் வாங்கினதற்கு எது காரணம்? போட்டி அமைப்பா, அதிர்ஷ்டமா, உழைப்பா? அதே சீசன் ஏன் வழக்கம்போல டப்ளின் கோப்பையைத் தூக்குவதில் போய் முடிந்தது?

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் அணிக்கு 15 பேர், கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) அணிகளுக்கு 70 நிமிட ஆட்டம். பந்தைக் கையால் பிடிக்கலாம், நான்கு காலடி ஓடலாம், அதற்கு மேல் ஓட வேண்டுமானால் தரையில் தட்ட வேண்டும் அல்லது காலில் விட்டு மறுபடி கைக்கு எடுக்க வேண்டும். கம்பம் ஆங்கில எச் எழுத்து வடிவில் இருக்கும். 2020-இல் இருந்த விதிப்படி, குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. ஸ்கோரை 1-12 என்று எழுதினால் 1 கோல், 12 புள்ளி, மொத்தம் 15 என்று பொருள். இந்த வழக்கம் பிடிபட்டால்தான் கீழே வரும் எண்கள் புரியும்.

அப்புறம் இன்னொன்று. இது சம்பளம் இல்லாத விளையாட்டு. பயணப்படி உண்டு, அரசின் சிறு உதவித்தொகை உண்டு, அவ்வளவே. ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் மாணவர்களும்தான் ஆடுகிறார்கள். ஏலமும் கிடையாது. பெரும்பாலும் எந்தக் கவுன்டியில் பிறந்து எந்த ஊர்க் கிளப்பில் வளர்ந்தாயோ அந்தக் கவுன்டிக்குத்தான் ஆட முடியும். அதனால் கவுன்டியின் மக்கள்தொகை என்பது அணியின் பலத்தை நேரடியாகத் தொடும் விஷயமாகிவிடுகிறது. 2016 கணக்கெடுப்பின்படி டப்ளினில் சுமார் 13 லட்சத்து 47 ஆயிரம் பேர். டிப்பரரியில் ஒரு லட்சத்து 60 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. மேயோவில் ஒரு லட்சத்து 30 ஆயிரம். கேவனில் 76 ஆயிரம். லீட்ரிம் என்று ஒரு கவுன்டி இருக்கிறது, அங்கே மொத்தமே 32 ஆயிரம் பேர். இவர்கள் எல்லோரும் ஒரே கோப்பைக்கு, சாம் மகுவாயர் கோப்பைக்கு, மோதுகிறார்கள்.

கோவிட் மாற்றியது எதை

அயர்லாந்துத் தீவின் 32 கவுன்டிகளும் நான்கு மாகாணங்களாகப் பிரிந்து ஆடும்: மன்ஸ்டர், அல்ஸ்டர், லெய்ன்ஸ்டர், கானக்ட். ஆதியிலிருந்து நாக்-அவுட்தான், ஒரு தோல்வி என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2001-இல் அதை மாற்றினார்கள். மாகாணத்தில் தோற்ற அணிக்கு இன்னொரு சுற்று கொடுத்து உள்ளே வர வழிவிட்டார்கள். இதைத்தான் அங்கே எல்லோரும் ‘பின்வாசல்’ என்கிறார்கள். 2018-இலும் 2019-இலும் ஒரு படி மேலே போய், காலிறுதியையே இரண்டு குழுக்களாக்கி ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டம் கொடுத்தார்கள். கூட்டம் வரும், பணம் வரும், சிறிய அணிகளுக்கும் கூடுதல் ஆட்டம் கிடைக்கும் என்பது வாதம். நடைமுறையில் பெரிய அணிகளுக்குத்தான் இது காப்பீடு போல ஆயிற்று. ஒரு நாள் சொதப்பினாலும் திரும்பி வந்துவிடலாம்.

2020 மார்ச்சில், கவுன்டிகள் பலத்தின்படி நான்கு பிரிவாக ஆடும் லீக் போட்டி பாதியில் நின்றது. கோடையில் ஊர்க் கிளப் போட்டிகளை நடத்தினார்கள், அதையும் அக்டோபர் தொடக்கத்தில் நிறுத்த வேண்டி வந்தது. ஜெயித்த ஊர்களில் கொண்டாட்டம் என்ற பேரில் கட்டிப்பிடித்து ஆடியது நோய்க்கு நல்ல வழியாகிவிட்டது. அக்டோபர் கடைசியில் நாடே மிகக் கடுமையான ஐந்தாம் நிலைக் கட்டுப்பாட்டுக்குள் போனபோது கவுன்டி ஆட்டங்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. டிக்கெட் வருமானமே இல்லாத நிலையில் அரசு ஒன்றரைக் கோடி யூரோ கொடுத்ததால்தான் இந்தச் சீசன் நடந்தது. சனி, ஞாயிறு இருட்டும் மாலைகளில் தொலைக்காட்சியிலாவது மக்களுக்கு ஏதாவது வேண்டும் என்று நினைத்தார்கள். என்னைக் கேட்டால் அந்த ஆண்டு செலவழித்த பணத்தில் உருப்படியான செலவுகளில் இதுவும் ஒன்று.

நேரம் இல்லாததால் பின்வாசலை மூடினார்கள். லண்டன், நியூயார்க் அணிகள் வரவில்லை, கில்கெனி வழக்கம்போலக் கால்பந்துக்கு அணி அனுப்பவில்லை. மிச்சம் 31 அணிகள், ஏழு வாரம், அக்டோபர் 31 முதல் டிசம்பர் 19 வரை. பொதுவாக மே மாதம் தொடங்கிக் கோடை வெயிலில் ஆடும் போட்டி, சேறும் மூடுபனியும் விளக்கு வெளிச்சமுமாக, ஆளில்லாத மைதானத்தில் நடந்தது.

இன்னொரு முடிவும் அந்த ஆண்டு தள்ளிப்போனது. அதைக் கதைக்குள் நிறையப் பேர் சேர்ப்பதில்லை. 2019 அக்டோபரில் ஒரு சிறப்பு மாநாடு கூடி, பலவீனமான அணிகளுக்கென்று டால்ச்சன் கோப்பை என்ற இரண்டாம் தரப் போட்டிக்கு ஒப்புதல் தந்திருந்தது. லீக்கின் மூன்றாம், நான்காம் பிரிவு அணிகள் மாகாண இறுதிக்கு வராவிட்டால் பெரிய கோப்பையின் பின்வாசல் அவற்றுக்குக் கிடையாது, இங்கேதான் ஆட வேண்டும். 2020-இல் தொடங்க வேண்டியது, கோவிட் அதை நிறுத்திவிட்டது. அந்த ஆண்டு டிப்பரரி மூன்றாம் பிரிவில் இருந்தது. கேவன், சாம்பியன்ஷிப் தொடங்குவதற்குச் சில நாள் முன்னால்தான் இரண்டாம் பிரிவிலிருந்து மூன்றாவதுக்கு இறங்கியிருந்தது. அதாவது ‘உங்களுக்குத் தனிக் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லப்பட்ட தரத்தில் இருந்தவர்கள்தான் இந்த இருவரும்.

ஒரு குறைந்த உதை

சீசனின் போக்கையே மாற்றிய ஆட்டம் நவம்பர் 8 அன்று, கார்க் நகரின் பார்க் ஈ கீவ் மைதானத்தில், மழையில் நடந்தது. மன்ஸ்டர் அரையிறுதி. கார்க்குக்கு எதிரே கெர்ரி. கெர்ரி என்றால் இந்த விளையாட்டின் அரச குடும்பம், வேறு எந்தக் கவுன்டியையும்விட அதிகத் தடவை கோப்பை வாங்கியவர்கள். 2019 இறுதிப் போட்டியில் டப்ளினை மறு ஆட்டம் வரைக்கும் இழுத்தவர்கள், 2020 லீக்கை இரண்டு வாரத்துக்கு முன்புதான் வென்றிருந்தவர்கள், டேவிட் கிளிஃபர்டைத் தலைவராக வைத்திருந்தவர்கள். டப்ளினின் ஓட்டத்தை நிறுத்த யாராவது இருக்கிறார்கள் என்றால் அது இவர்கள்தான் என்பதே பொதுக் கணிப்பு.

அன்று கெர்ரி ஆடிய விதம் எனக்கு இன்றும் புரியாத ஒன்று. இவ்வளவு முன்கள ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு ஆட்களைப் பின்னுக்கு இழுத்து, தோற்காமல் இருப்பதே குறிக்கோள் என்பதுபோல ஆடினார்கள். ஆட்டம் சமனில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. அதன் கடைசி நொடிகளில் கெர்ரி 0-13, கார்க் 0-12. கார்க்கின் லூக் கானலி சமன் செய்யலாம் என்று ஓர் உதை விட்டார். பந்து கம்பிக்கு மேலே போகும் அளவு தூரம் போகவில்லை, குறைந்து விழுந்தது. அது விழுந்த இடத்தில், மாற்றாக இறங்கியிருந்த மார்க் கீன் எழும்பிப் பிடித்தார், திரும்பினார், வலைக்குள் அடித்தார். மிச்செல்ஸ்டவுன்காரர், ஆஸ்திரேலியாவில் காலிங்வுட் கிளப்புடன் ஒப்பந்தத்தில் இருந்தவர், அங்கே சீசன் முடிந்ததால் ஊரில் இருந்தார். 1-12-க்கு 0-13. கார்க் இரண்டு புள்ளியில் வென்றது, கெர்ரி ஒரே ஓர் ஆட்டத்தோடு அந்த ஆண்டை முடித்துக்கொண்டது.

முந்தைய ஆண்டாக இருந்திருந்தால்? கெர்ரி இரண்டு வாரம் திட்டு வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியே காலிறுதிக் குழுவுக்குள் வந்திருக்கும். டிசம்பரில் குரோக் பார்க்கில் டப்ளினோடு நிற்கும் அணி அதுவாகவேகூட இருந்திருக்கலாம். நாக்-அவுட் செய்த வேலை இதுதான். அது யாரையும் பலசாலி ஆக்கவில்லை, பலசாலியின் இரண்டாவது வாய்ப்பை மட்டும் எடுத்துவிட்டது.

இதற்கு ஒரு பழைய சாட்சியும் உண்டு. டிப்பரரி அதற்கு முன் மன்ஸ்டர் பட்டம் வென்றது 1935-இல். அந்த ஆண்டு, சிறையிலிருந்த குடியரசுவாதிகள் நடத்தப்பட்ட விதத்துக்கு எதிர்ப்பாகக் கெர்ரி போட்டியிலேயே கலந்துகொள்ளவில்லை. 1935-இலும் சரி, 2020-இலும் சரி, டிப்பரரி இறுதிக்கு வந்து பார்த்தபோது எதிரே நின்றது கார்க். மன்ஸ்டரில் கதவு திறப்பது என்றால் பெரும்பாலும் கெர்ரி நகர்ந்தது என்றே பொருள்.

ஆனால் திறந்த கதவில் எல்லோரும் நுழைந்துவிடவில்லையே

இந்த இடத்தில்தான் ‘அதிர்ஷ்டம்’ என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். டிப்பரரி ஹர்லிங் (மட்டையால் ஆடும் இன்னொரு அயர்லாந்து விளையாட்டு) கவுன்டி. 2019-இல் அகில அயர்லாந்து ஹர்லிங் கோப்பையை வாங்கியவர்கள். அங்கே கால்பந்து மாற்றாந்தாய்ப் பிள்ளை. அப்படியிருந்தும் 2011-இல் அந்தக் கவுன்டியின் சிறுவர் அணி அகில அயர்லாந்து இறுதியில் டப்ளினையே 3-9-க்கு 1-14 என்று தோற்கடித்தது. அந்த அணியின் பயிற்சியாளர் டேவிட் பவர். 2020-இல் பெரியவர் அணியின் பயிற்சியாளரும் அவர்தான். நடுவில் 2016-இல் டிப்பரரி அகில அயர்லாந்து அரையிறுதி வரை வந்து மேயோவிடம் தோற்றது. ஆக, வானத்திலிருந்து குதித்த அணி அல்ல, ஒன்பது ஆண்டாக ஒருவருக்கொருவர் பழகிய ஒரு தலைமுறை. அந்தத் தலைமுறையின் காலின் ஓ’ரியார்டன் ஆஸ்திரேலியாவின் சிட்னி ஸ்வான்ஸ் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தார். ஊரில் இருந்த அவருக்கு மன்ஸ்டர் இறுதியில் ஆடச் சிட்னி கிளப் அனுமதி கொடுத்தது. இந்த அனுமதியும் கோவிட் கொடுத்த பரிசுதான். வழக்கமான கோடைச் சீசனில் அவர் உலகின் மறுகோடியில் இருந்திருப்பார்.

அந்த இறுதிக்கு வருவதற்கே டிப்பரரி பட்ட பாடு கொஞ்சமல்ல. கிளேரைத் தாண்டிய பிறகு லிமெரிக்கில் நடந்த அரையிறுதியில் ஏறக்குறைய வெளியேறிவிட்டார்கள். வழக்கமான நேரம் முடியும் தறுவாயில் தலைவர் கானர் ஸ்வீனி பக்கக்கோட்டிலிருந்து, தரையில் வைத்த பந்தை, மிகக் குறுகலான கோணத்தில் உதைத்துக் கம்பிக்கு மேலே அனுப்பிச் சமன் செய்தார். அந்த ஆண்டின் சிறந்த உதை எது என்று என்னைக் கேட்டால், மார்க் கீனின் கோலைத் தள்ளிவிட்டு இதைத்தான் சொல்வேன். கீனுக்கு பந்து வந்து விழுந்தது, ஸ்வீனிக்கு அப்படி எதுவும் விழவில்லை. கூடுதல் நேரத்தில் ஒரே புள்ளியில் தப்பித்தார்கள்.

நவம்பர் 22 இறுதியில் டிப்பரரி தன் வழக்கமான நீல-மஞ்சள் சட்டையைப் போடவில்லை. 1920-இல் குரோக் பார்க்கில் ஆடிய அணி அணிந்திருந்த கிராஞ்மாக்லர் கிளப்பின் வெள்ளை-பச்சையைப் போட்டுக்கொண்டது. அன்று சுடப்பட்டு இறந்த ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன் அந்த ஊர்க்காரர். அவர் உருவமும் சட்டையில் இருந்தது. முந்தைய நாள் மாலை, டப்ளின்-மீத் லெய்ன்ஸ்டர் இறுதிக்கு முன்னால், காலியான குரோக் பார்க்கில் 14 பேருக்கும் 14 தீபங்கள் ஏற்றினார்கள், குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் மலர்வளையம் வைத்தார். இறந்தவர்களில் ஜெரோம் ஓ’லியரி 10 வயது, வில்லியம் ராபின்சன் 11 வயது. ஜேன் பாயில் என்ற பெண்ணுக்கு ஐந்து நாளில் திருமணம் நடக்க இருந்தது. இதையெல்லாம் கேட்டுவிட்டுப் போய் மறுநாள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுவது ஆட்டக்காரனுக்குப் பலமா பாரமா என்று வெளியிலிருந்து சொல்வது கஷ்டம். ஆட்டத்தைப் பார்த்தால் பலம் என்றுதான் தோன்றியது. ஸ்வீனியும் மைக்கேல் குவின்லிவனும் முன்னால் நின்று புள்ளிகளை அள்ள, கெர்ரியை வீட்டுக்கு அனுப்பிய கார்க் எந்த நேரத்திலும் ஆட்டத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவர முடியவில்லை. 0-17-க்கு 0-14.

கேவன் கதை

கேவன் அல்ஸ்டர் மாகாணத்திலேயே அதிகப் பட்டம் வைத்திருக்கும் கவுன்டி. ஆனால் அதில் முக்கால்வாசி தாத்தா காலத்துச் சொத்து. 1997-க்குப் பிறகு ஒன்றும் இல்லை. அல்ஸ்டர் மற்ற மாகாணங்களைப்போல இல்லை, அங்கே எளிதான ஆட்டம் என்று ஒன்று கிடையாது. அதிலும் கேவன் முதற்கட்டச் சுற்றிலிருந்தே தொடங்க வேண்டியிருந்ததால் நான்கு வார இறுதிகளில் நான்கு ஆட்டம்.

முதல் ஆட்டம் அக்டோபர் 31, குளோன்ஸில், பக்கத்து வீட்டுப் பகையாளி, முதல் பிரிவு அணியான மோனஹனோடு. பின்தங்கியிருந்து எட்டிப்பிடித்துக் கூடுதல் நேரத்துக்கு இழுத்தார்கள். அங்கேயும் முடிவு தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தபோது கடைசியில் ஒரு ஃப்ரீ கிக். ஐம்பது மீட்டருக்கு மேல். கோல்கீப்பர் ரேமண்ட் காலிகன் தன் இடத்தை விட்டு நடந்து வந்து உதைத்தார், கம்பிக்கு மேலே போய்விட்டது. இரண்டாவது ஆன்ட்ரிமோடு, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வென்றார்கள். மூன்றாவது டவுனோடு, முதல் பாதியில் பத்துப் புள்ளி பின்னால் இருந்தார்கள், பத்து! முடிவில் 1-14-க்கு 1-13. அது எப்படி நடந்தது என்றால், ஒவ்வொரு முறையும் டவுன் கீப்பர் பந்தைத் திரும்ப உதைத்தபோது மேலேறி நெருக்கினார்கள், பந்து அவர்கள் பக்கம் வரவே விடவில்லை.

நான்காவது இறுதி. எதிரே டோனிகால், 2018, 2019 அல்ஸ்டர் சாம்பியன், அரையிறுதியில் ஆர்மாவை 12 புள்ளியில் நசுக்கிவிட்டு வந்தவர்கள். கேவனுக்கு யாரும் வாய்ப்புக் கொடுக்கவில்லை. அதே நெருக்கல், அதே பிடிவாதம், உயரப் பந்துகளில் தாமஸ் காலிகன் ஒரு பக்கம், நடுக்களத்தில் கியரோட் மெக்கியர்னன் ஒரு பக்கம். கடைசியில் மாற்றாக இறங்கிய கானர் மேடன் வெறும் வலைக்குள் தட்டிவிட, 1-13-க்கு 0-12. 40-ஆவது அல்ஸ்டர் பட்டம்.

இங்கேயும் பின்னணியைப் பார்க்க வேண்டும். 2011 முதல் 2014 வரை கேவன் 21 வயதுக்குட்பட்டோர் அல்ஸ்டர் பட்டத்தைத் தொடர்ந்து நான்கு முறை வென்றிருக்கிறது. அந்தப் பையன்கள்தான் 2020-இல் இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில், ஒரு கால்பந்து ஆட்டக்காரனின் நல்ல வயதில், நின்றார்கள். 2019-இலேயே அல்ஸ்டர் இறுதிக்கு வந்து தோற்றிருந்தார்கள். பயிற்சியாளர் மிக்கி கிரேயம் வேறு, 2018 டிசம்பரில் லாங்ஃபோர்டின் முல்லினலாக்டா என்ற, ஒரு தேவாலயப் பங்கில் பாதியே ஆன சிற்றூரின் கிளப்பைக் கூட்டிக்கொண்டு போய், டப்ளினின் பெரிய கிளப்பான கில்மகட் குரோக்ஸைத் தோற்கடித்து லெய்ன்ஸ்டர் கிளப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். சின்ன அணி பெரிய அணியின் முன்னால் தலை குனிய வேண்டியதில்லை என்பதை அவர் பேசிக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை, செய்து காட்டியிருந்தார்.

ஆக என் கணக்கில், அமைப்பு கொடுத்தது ஒரு பாதி, பத்தாண்டு இளையோர் பயிற்சி கொடுத்தது மறு பாதி. மூன்றாம் பிரிவில் வேறு அணிகளும் இருந்தன, அவற்றுக்கும் அதே நாக்-அவுட்தான், அதே காலி மைதானம்தான், ஒன்றும் நடக்கவில்லை.

கானக்ட், சுருக்கமாக

ஸ்லைகோவில் கோவிட் பரவியதால் அவர்கள் ஆடாமலே விலகினார்கள், கால்வே நேரே இறுதிக்குப் போனது. ஆடாமல் போனது நல்லதா கெட்டதா என்று விவாதிக்கலாம். மேயோ லீட்ரிமையும் ராஸ்காமனையும் தாண்டி வந்து கால்வேயை அதன் சொந்த மைதானத்தில் 0-14-க்கு 0-13 என்று வென்றது. இதே மேயோ அக்டோபர் லீக் ஆட்டத்தில் கால்வேயை 15 புள்ளியில் அடித்திருந்தது, பிறகு லீக்கின் கடைசி நாளில் முதல் பிரிவிலிருந்தே இறங்கியும் போனது. மேயோவைப் பின்தொடர்பவர்களுக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

அரையிறுதியில் கணக்கு தீர்ந்தது

டிசம்பர் 5: டப்ளின் 1-24, கேவன் 0-12. டிசம்பர் 6, மூடுபனியில் தொலைக்காட்சியில் எதிர்ப்பக்கக் கம்பமே தெரியாத ஒரு மாலை: மேயோ 5-20, டிப்பரரி 3-13. சிலியன் ஓ’கானர் மட்டும் 4-9 அடித்தார், ஒரே ஆள் 21 புள்ளி. டிப்பரரியின் மொத்தம் 22.

இரண்டு மாகாணச் சாம்பியன்களும் முறையே 15, 13 புள்ளியில் தோற்றார்கள். குளிர்காலச் சேறும் காலி மைதானமும் எல்லோரையும் சமமாக்கும் என்ற பேச்சு அத்தோடு நின்றது. டப்ளினைப் பார்த்திருந்தால் அதை முன்பே நிறுத்தியிருக்கலாம். வெஸ்ட்மீத்தை 0-22-க்கு 0-11. லீஷை 2-23-க்கு 0-7. லெய்ன்ஸ்டர் இறுதியில் மீத்தை 3-21-க்கு 0-9, தொடர்ந்து பத்தாவது மாகாணப் பட்டம். அங்கும் நாக்-அவுட்தானே? தோற்கவே வாய்ப்பில்லாதவனுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தாலும் மூன்று கொடுத்தாலும் ஒன்றுதான். முழுச் சீசனிலும், இறுதி உட்பட ஐந்து ஆட்டத்தில், டப்ளின் ஒரு கோல்கூட வாங்கவில்லை. இந்த எண் எனக்கு அவர்கள் தொடர்ந்து வாங்கிய ஆறு கோப்பையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

ஏன் இப்படி? பயிற்சியாளர் ஜிம் கேவின் 2019 நவம்பரில் விலகி டெஸி ஃபாரெல் வந்தார், அணி அசையவே இல்லை. பிரையன் ஃபென்டன், கியரன் கில்கெனி, கான் ஓ’கலஹன், ஜேம்ஸ் மெக்கார்த்தி, பின்னால் ஸ்டீஃபன் கிளக்ஸ்டன் என்று ஒரு தலைமுறைத் திறமை ஒரே நேரத்தில் அமைந்தது என்பது ஒரு பக்கம். ஃபென்டன் 2015-இல் வந்தவர், 2020 முடியும்வரை சாம்பியன்ஷிப்பில் தோல்வி என்றால் என்னவென்றே தெரியாது. மறு பக்கம் பணம். 2000-களின் நடுவிலிருந்து டப்ளினில் பள்ளிக்கும் கிளப்புக்கும் முழுநேரப் பயிற்சியாளர்களை வைக்க ஆண்டுக்குப் பத்து லட்சம் யூரோ அளவில் வளர்ச்சி நிதி போனது, மற்ற எந்தக் கவுன்டியும் கிட்டே நெருங்க முடியாத தொகை. தொடங்கியபோது அதற்கு நியாயம் இருந்தது, தலைநகரில் சாக்கரும் ரக்பியும் பையன்களை இழுத்துக்கொண்டு போனது உண்மை. நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தவில்லை என்பதுதான் குறை. டப்ளின் ரசிகர்கள் ‘பணமா ஆடுகிறது’ என்று கேட்பார்கள். பணம் ஆடாது, ஆனால் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இடது காலால் உதைக்கச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதைப் பணம்தான் தீர்மானிக்கிறது. 13 லட்சம் மக்கள், பெரிய விளம்பரதாரர், முக்கியமான ஆட்டங்கள் எல்லாம் தன் ஊர் குரோக் பார்க்கில் என்ற மூன்றும் அதன்மேல்.

டிசம்பர் 19

82,300 பேர் உட்காரும் மைதானத்தில் ரசிகர் என்று ஒருவரும் இல்லை. 1951-க்குப் பிறகு கோப்பையைத் தொடாத மேயோ, அதற்குப் பிறகு எத்தனையோ இறுதியில் தோற்ற மேயோ, மறுபடி டப்ளின் முன்னால். பந்து எறியப்பட்டு 15 விநாடிகூட ஆகவில்லை, மெக்கார்த்தி பந்தோடு நடுவைப் பிளந்து ஓட, டீன் ராக் கோலடித்தார். அகில அயர்லாந்து இறுதி வரலாற்றிலேயே வேகமான கோல். 1962 முதல் கெர்ரியின் கேரி மக்மஹன் வைத்திருந்த சாதனை போயிற்று. வேறு எந்த அணியும் அங்கேயே உடைந்திருக்கும். மேயோ உடையவில்லை. புள்ளி புள்ளியாக ஏறிவந்து, கான் ஓ’கலஹன் இரண்டாவது கோலடித்த பிறகும் விடாமல், இடைவேளையில் இரண்டே புள்ளி பின்னால் இருந்தார்கள்.

அதுவும் நல்ல நேரம் பார்த்து டப்ளினின் ராபி மெக்டெய்ட் கறுப்பு அட்டை வாங்கினார். பத்து நிமிடம் வெளியே, அந்த ஆண்டுதான் வந்த விதி. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் டப்ளின் 14 பேர். மேயோவுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. டப்ளின் செய்தது மிக எளிமையானது: பந்தை வைத்துக்கொண்டார்கள். அவசரமே படாமல் இங்கே, அங்கே, மறுபடி பின்னால் என்று கைமாற்றி, கடிகாரத்தை ஓட விட்டார்கள். பத்து நிமிடம் போனது, மேயோ முந்தவில்லை. பிறகு பெஞ்சிலிருந்து புதுக் கால்கள் இறங்கின. 2-14-க்கு 0-15. ஆறாவது தொடர் கோப்பை. அதற்கு முன் ஐந்தைத் தாண்டியவர்கள் யாரும் இல்லை. 1982-இல் கெர்ரி ஐந்துக்கு அருகில் வந்து ஆஃபலியின் சேமஸ் டார்பி அடித்த கடைசி நேரக் கோலில் விழுந்த கதையை அங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும்.

அதே அமைப்பு, அடுத்த ஆண்டு

2020-ஐத் தனியாக வைத்துப் பார்த்தால் ‘நாக்-அவுட்தான் மந்திரம், பின்வாசலை நிரந்தரமாக மூடுங்கள்’ என்று தோன்றும். நிறையப் பேர் சொன்னார்கள். நல்லவேளையாக 2021-உம் கோவிட் ஆண்டுதான், அதே நாக்-அவுட்தான், ஒப்பிட வசதியாகப் போயிற்று. லீக்கில் கேவனும் டிப்பரரியும் இரண்டுமே நான்காம் பிரிவுக்கு இறங்கின. கேவனுக்கு அது தொடர்ந்து மூன்றாவது இறக்கம். சாம்பியன்ஷிப்பில் கேவனை டைரோன் அனுப்பியது, டிப்பரரியைக் கெர்ரி அனுப்பியது. மன்ஸ்டர் இறுதியில் கெர்ரி கார்க்கை 4-22-க்கு 1-9 என்று அடித்தது, 22 புள்ளி வித்தியாசம், முந்தைய நவம்பர் மழைக்கான பதில்.

டப்ளினை நிறுத்தியதும் அந்த ஆண்டுதான். ஆகஸ்ட் 14 அரையிறுதியில், கூடுதல் நேரத்தில், மேயோ. சாம்பியன்ஷிப்பில் 45 ஆட்டமாகத் தோற்காத அணி அங்கே நின்றது. கிளக்ஸ்டன் அந்தச் சீசனில் ஆடவில்லை, இன்னும் சிலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இறுதியில் மேயோ டைரோனிடம் தோற்றது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2022-இல் பின்வாசல் திரும்பி வந்தது, டால்ச்சன் கோப்பையும் தொடங்கியது. அதன் முதல் இறுதியில் வெஸ்ட்மீத்திடம் தோற்ற அணி கேவன். 2023-இல் பெரிய கோப்பைக்கு 16 அணிகள், குழு ஆட்டங்கள் என்று மாற்றினார்கள், குழு ஆட்டங்கள் 2025 வரை நீடித்தன. மாகாண இறுதிக்கு வரும் அணிக்கு மட்டும், அது எந்தப் பிரிவில் இருந்தாலும், அதில் இடம் உண்டு என்று விட்டுவைத்தார்கள். மாகாணப் போட்டிகளையே ஒழித்துவிடலாம் என்று வாதிடுபவர்களிடம் அந்த ஒரு விதியைக் காப்பாற்ற இன்றும் எடுத்து நீட்டப்படும் உதாரணம் 2020 நவம்பர் 22தான்.